வீட்டுக்கு வந்த பதிவேடு: எமது கையிலுள்ள பிறரின் தகவல்கள்

2020 மார்ச் 12 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்படுவதாக அறிவித்தல் வந்தபோது, இரண்டு மூன்று வாரங்களில் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிடும் என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. கொஞ்சநாளில் வகுப்பறை கையடக்கத் தொலைபேசிக்குள் வந்தது. ஹந்தானையில் எங்கள் வீட்டில் ஜன்னலோரம் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அந்த மூலைதான் இரண்டு வருடங்களாக என் பாடசாலை, என் அலுவலகம், என் பிள்ளைகளின் வகுப்பறை எல்லாமே.

2021 இல் நடந்த ஒரு விடயத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தரம் 8 வகுப்பொன்றுக்கு நான் வகுப்பாசிரியை. ஒன்லைன் வகுப்புக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று ஒரு எக்செல் பட்டியல் தயாரித்திருந்தேன். பெயர், விலாசம், பெற்றோரின் தொலைபேசி இலக்கம், வீட்டில் ஸ்மார்ட் போன் உண்டா இல்லையா என்ற விபரம். கடைசி நிரலுக்குத் தலைப்பு "குறிப்பு". அந்த நிரலில் நான் எழுதியிருந்தவை இப்படியானவை: "தாய் குவைத்தில்", "வாப்பா வீட்டில் இல்லை, வேறு திருமணம்", "ஒரு போன், மூன்று பிள்ளைகள்", "சமுர்த்தி பெறும் குடும்பம்", "தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளை". உதவி செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு, அடுத்த வாரத்துக்கான நேரசூசியை பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டது நேரசூசி அல்ல, அந்தப் பட்டியல். இஷாவுக்குப் பிறகு ஒரு பெற்றார் அழைத்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அனுப்பியதை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க வட்ஸ்அப் தந்த அவகாசம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும்தான். அது கடந்துவிட்டிருந்தது.

மறுநாள் ஒரு தாய் பேசினார். சத்தம் போடவில்லை. "டீச்சர், நீங்க கேட்டதால தான் சொன்னேன். எங்கட வீட்டு விசயம் இப்ப நாப்பது வீட்டுக்குத் தெரியும்" என்றார். அவருடைய மகள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. பயணத் தடை நீங்கியதும் அவர்களுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் மன்னித்தார். ஆனால் நாற்பது வீட்டில் போனதைத் திருப்பி எடுக்க அவராலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில், மாணவர் பதிவேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். வருடக்கணக்கில் அதைச் செய்தேன். பதிவேடு எக்செல் ஆகி வீட்டுக்கு வந்தபோது, பூட்டு வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எனது வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தைக் கவனமாக வைத்திருந்த நான், நாற்பது பிள்ளைகளின் விபரங்களை அப்படி வைத்திருக்கவில்லை. வேலை வீட்டுக்கு வரும்போது பிறருடைய தகவல்களும் அதனோடு வீட்டுக்கு வருகின்றன. அவை எமது சொத்து அல்ல, எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தனிப்பட்ட தகவல் என்றால் எது?

ஒரு மனிதரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் தனிப்பட்ட தகவல்தான். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், புகைப்படம், குரல்பதிவு, வங்கிக் கணக்கு இலக்கம், இருக்கும் இடம் எல்லாம் இதில் அடங்கும். தனித்துப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் இரண்டு மூன்று விபரங்கள் ஒன்று சேர்ந்தால் ஓர் ஆளை முழுதாகக் காட்டிவிடும்.

எமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். புதிய 12 இலக்க அட்டையில் பிறந்த ஆண்டு முழுமையாகவே முன்னால் வருகிறது. ஆக, ஒருவரின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு குழுவில் போட்டால், அவருடைய பிறந்த திகதியையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே போட்டுவிடுகிறோம். எத்தனை பேர் தமது பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச் மாதம் சபாநாயகரால் சான்றுப்படுத்தப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரவிருந்தன. பின்னர் அத்திகதி பிற்போடப்பட்டு, 2025 இலேயே திருத்தச் சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. நடைமுறைப்படுத்தல் மெதுவாக நகர்ந்தாலும், சட்டத்தின் அடிப்படைகளை இப்போதே அறிந்து வைத்திருப்பது நல்லது.

அடிப்படைகள் எளிமையானவை. தகவலை ஒரு குறித்த நோக்கத்துக்காக மட்டும் சேகரிக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் சேகரிக்க வேண்டும். அது சரியானதாக இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்கும் காலத்தில் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன வைத்திருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தக் கோரவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் தகவலுக்குரியவருக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. சில வகைத் தகவல்களை சட்டம் விசேட வகையாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. இனம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம், விரல் அடையாளம் போன்ற உயிரியல் தரவுகள், குற்றவியல் வழக்குகள் பற்றிய விபரங்கள் அந்த வகையில் வருகின்றன. பிள்ளைகளைப் பற்றிய தகவலும் அதே வகைதான். 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்று சட்டம் வரையறுக்கிறது. எனது எக்செல் பட்டியலின் ஒவ்வொரு வரியும் விசேட வகைத் தகவல் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முற்றிலும் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் போனிலுள்ள உறவினர்களின் இலக்கங்கள் அப்படியானவை. ஆனால் பாடசாலை வேலையையோ கம்பனி வேலையையோ வீட்டு மேசையில் வைத்துச் செய்வதால் அது வீட்டு விடயமாகிவிடாது. வேலை எங்கே நடக்கிறது என்பது முக்கியமல்ல, யாருக்காக நடக்கிறது என்பதே முக்கியம்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

"எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்டி மாவட்ட முஸ்லிம்கள் அப்படிக் கேட்க முடியாது. 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகனை, அக்குறணைப் பகுதிகளில் நடந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். வெறுப்புச் செய்திகள் பரவுவதைத் தடுக்க அரசாங்கம் அப்போது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாக முடக்கியது. தனது தளம் அந்த நாட்களில் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அதே 2020 இல் கொவிட் வந்தது. மார்ச் இறுதியில் அக்குறணை முடக்கப்பட்டது. நோயாளிகளின் பெயரும் ஊரும் வட்ஸ்அப்பில் சுற்றின. சில ஊடகங்கள் நோயாளியின் மதத்தையும் சேர்த்துச் சொன்னதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி ஜனாஸாக்களை எரிக்க வைத்தது. அடக்க அனுமதிக்கும் வர்த்தமானி வர 2021 பெப்ரவரி 25 வரை காத்திருந்தோம். அந்த மாதங்களில் ஒரு மனிதரின் நோய், விலாசம், மதம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

எமது தகவலை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று முறைப்பாடு சொல்லும் நாம், எம்மிடமுள்ள மற்றவர்களின் தகவலை எப்படிக் கையாளுகிறோம் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் எங்கே கசிகிறது?

தகவல் திருட்டு என்றதும் இருட்டறையில் இருந்து கணினி தட்டும் ஒருவனைத்தான் கற்பனை செய்கிறோம். பெரும்பாலான கசிவுகள் அப்படி நடப்பதில்லை. வீட்டில், எமது கையாலேயே நடக்கின்றன.

முதலாவது, ஒரே போனைக் குடும்பமே பாவிப்பது. காலையில் உம்மா அதே போனில் வேலை செய்வார். பின்னேரம் மகன் விளையாடுவான். விளையாட்டுக்காக அவன் இறக்கும் செயலி தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். பிள்ளை எல்லாவற்றுக்கும் "சரி" என்று அழுத்திவிடும்.

இரண்டாவது, ஒரே கூகுள் கணக்கை வீட்டிலுள்ள மூன்று நான்கு போன்களில் போட்டு வைப்பது. பெற்றோர் அனுப்பும் பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கைப் படங்கள் வட்ஸ்அப்பிலிருந்து கேலரியில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போனால், அந்தக் கணக்குள்ள எல்லாப் போன்களிலும் தெரியும். அப்படித் தெரிகிறது என்பதே பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, கூகுள் படிவமும் கூகுள் தாளும். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்துவிட்டால், அந்த லிங்க் எந்தக் குழுவுக்குப் போகிறதோ அங்குள்ள எல்லோரும் பார்க்கலாம். விபரம் சேர்க்கும் வேலை முடிந்து ஒரு வருடம் கழித்தும் அது திறந்தே கிடக்கும்.

நான்காவது, ஸூம் வகுப்பு. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு சுமார் ஒரு கோடிப் பேர் கலந்துகொண்ட ஸூம் கூட்டங்களில் 2020 மார்ச்சில் 20 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். அழைக்கப்படாதவர்கள் நுழைந்து அசிங்கமான படங்களைக் காட்டும் சம்பவங்கள் உலகெங்கும் நடந்ததால், 2020 ஏப்ரலில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் அந்நிறுவனம் இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. கதவு வைத்துத் தந்தார்கள். ஆனால் லிங்கையும் கடவுச்சொல்லையும் சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டால் கதவு இருந்து பயனில்லை. பிள்ளைகளின் முகமும் குரலும் உள்ள ஒளிப்பதிவுகள் எங்கே கிடக்கின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாவது, கொமியூனிகேஷன் கடை. வீட்டில் பிரின்டர் இல்லாதவர்கள் புள்ளிப் பட்டியலையும் சம்பளத் தாளையும் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்சிடுகிறோம், அல்லது அங்குள்ள கணினியில் எமது மின்னஞ்சலைத் திறக்கிறோம். அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு வருகிறோம். கோப்பு அங்கேயே இருக்கிறது. சில வேளை மின்னஞ்சலும் திறந்தபடி இருக்கிறது.

ஆறாவது, பழைய கடதாசி. கடலைச் சுருளைப் பிரித்து, அதிலுள்ள யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாளை வாசித்துக்கொண்டே கடலை சாப்பிட்ட அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. வீட்டில் அச்சிட்ட பட்டியல்கள் பழைய பேப்பர்காரரிடம் போனால் அவற்றுக்கும் அதே கதிதான்.

நம்ப வைத்து வாங்குபவர்கள்

வெளியிலிருந்து வருபவர்களும் பூட்டை உடைத்து வருவது குறைவு. எம்மையே திறக்க வைக்கிறார்கள். 2020 ஜூலை 15 ஆம் திகதி டுவிட்டரில் ஒபாமா, ஜோ பைடன், ஈலோன் மஸ்க் போன்றோரின் கணக்குகளிலிருந்து பிட்கொயின் மோசடிப் பதிவுகள் வந்தன. 130 கணக்குகள் இலக்கு வைக்கப்பட்டிருந்தன. எப்படி நடந்தது? பெருந்தொற்று காரணமாக டுவிட்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தூர இணைப்பில் அவர்களுக்கு அடிக்கடி சிக்கல் வந்தது. மோசடிக்காரர்கள் கம்பனியின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி தொலைபேசியில் அழைத்து, அசல் போலவே இருந்த ஒரு போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைப் போட வைத்தார்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருவர் 17 வயதுப் பையன்.

அலுவலகத்தில் என்றால் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் "இப்படி ஒரு கோல் வந்ததா?" என்று கேட்டிருப்போம். வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்க ஆளில்லை. அதுதான் அவர்களுக்கு வாய்ப்பு.

எமது ஊரில் இதன் வடிவம் வேறு. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே செய்தி வரும்: "தவறுதலாக உங்கள் போனுக்கு 6 இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், அனுப்புங்கள்." அனுப்பினால் எமது வட்ஸ்அப் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு எமது பெயரில் எல்லோரிடமும் பணம் கேட்பார்கள். ஓர் ஆசிரியரின் வட்ஸ்அப் பறிபோனால் அவருடன் சேர்ந்து பறிபோவது எத்தனை பெற்றோரின் இலக்கங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இதற்கெல்லாம் பெரிய செலவோ கணினிப் படிப்போ தேவையில்லை. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து செய்து முடிக்கக் கூடியவை.

எழுத முன்னரே குறையுங்கள். சேகரிக்காத தகவல் ஒருபோதும் கசியாது. "குறிப்பு" நிரல் தேவையா? வகுப்புக்கு வராத பிள்ளைக்கு "தொடர்பு கொள்ள வேண்டும்" என்று எழுதினால் போதும். காரணத்தை நான் மனதில் வைத்திருக்கலாம். புள்ளிகளைக் குழுவில் போடாமல் ஒவ்வொரு பெற்றாருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

பூட்டுங்கள். எக்செல் கோப்புக்குக் கடவுச்சொல் இடும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. கடவுச்சொல்லை அதே செய்தியில் அனுப்பாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். வீட்டுக் கணினி ஒன்றுதான் என்றால், அதில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு பயனர் கணக்குத் திறந்து, உங்களுடையதற்குக் கடவுச்சொல் இடுங்கள்.

வட்ஸ்அப்பைச் சீராக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க இரகசிய எண் ஒன்றை வையுங்கள். வரும் படங்கள் தானாகக் கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். உங்களைக் குழுக்களில் சேர்க்க யாருக்கு அனுமதி என்பதைத் தொடர்பிலுள்ளவர்களுக்கு மட்டும் என மாற்றுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் நீக்குங்கள். பெற்றோருக்கு அறிவித்தல் மட்டும் அனுப்ப வேண்டுமானால் குழுவுக்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியலைப் பாவிக்கலாம். உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பெறுபவர் எவருக்கும் மற்றவரின் இலக்கம் தெரியாது.

வைபை ரவுட்டரைப் பாருங்கள். பொருத்த வந்தவர் விட்டுச் சென்ற கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறதா? அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறோமா? மாற்றுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தினருக்கெனத் தனியான இணைப்பு உண்டு. வருபவர்களுக்கு அதைக் கொடுத்தால் மரியாதையும் குறையாது, பாதுகாப்பும் குறையாது.

பிரதி எடுத்து வையுங்கள். 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில், மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் தொலைந்தன. அந்தக் காலத்துக்குரிய தனியான பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் எமது மடிக்கணினி எம்மாத்திரம்? முக்கியமானவற்றை வேறொரு வன்தட்டில் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

கடைசியாக, அழியுங்கள். தவணை முடிந்ததும் பழைய பட்டியல்களை நீக்குங்கள். கூகுள் லிங்குகளை மூடுங்கள். கொமியூனிகேஷன் கடையில் அச்சிட்ட பிறகு கோப்பை அழிக்கும்வரை நின்று பாருங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார். தாள்களைக் கிழித்தோ எரித்தோ விடுங்கள். போனை விற்கவோ திருத்தக் கொடுக்கவோ முன் அதிலுள்ளவற்றைப் பிரதி எடுத்துவிட்டு முழுதாகத் துடையுங்கள்.

தூர இடத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு

கண்டியிலும் சுற்று ஊர்களிலும் வீட்டிலிருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். வெளியில் போய் வேலை செய்ய முடியாத எமது பெண் பிள்ளைகள் பலருக்கும் இது ஒரு நல்ல வழி. 2022 ஜூன் மாத எரிபொருள் நெருக்கடியில் அரச அலுவலர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். ஆகவே இது சிலருக்கு மட்டுமான விடயமல்ல.

இவர்கள் கையாள்வது வாடிக்கையாளர்களின் கணக்கு விபரம், கடவுச்சீட்டுப் படம், மருத்துவ விபரம் போன்றவை. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி மிகக் கடுமையானது. அங்கு உள்ளவர்களின் தகவலைக் கையாளும் நிறுவனம், இங்கிருந்து வேலை செய்பவரிடமும் அதே ஒழுங்கை எதிர்பார்க்கும். வேலைக்கான கோப்புகளைச் சொந்தக் கூகுள் கணக்கில் ஏற்றாதீர்கள். இலவச விபிஎன் செயலிகளை நம்பாதீர்கள். இலவசமாகத் தருபவர் உங்கள் போக்குவரத்தைப் பார்த்தே சம்பாதிக்கக் கூடும். கம்பனி தரும் விபிஎன்னைப் பாவியுங்கள். கோப்பி கடை வைபையில் சம்பளப் பட்டியலைத் திறக்காதீர்கள். வேலை இடத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும்போது பின்னால் கணினித் திரை தெரிகிறதா என்று பாருங்கள்.

ஊழியருக்கும் உரிமை உண்டு என்பதற்கு ஜேர்மனியில் நடந்த ஒரு சம்பவம் உதாரணம். நூரம்பேர்க் நகரில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் சேவை நிலையத்தில், விடுமுறையோ சுகயீனமோ முடிந்து திரும்பும் ஊழியரோடு மேலதிகாரிகள் அன்பாகக் கதைப்பார்கள். கேட்டவற்றைப் பிறகு கணினியில் குறித்து வைத்தார்கள். நோய், குடும்பப் பிரச்சினை, மத நம்பிக்கை கூட அதில் இருந்தன. 2019 ஒக்டோபரில் ஒரு தொழில்நுட்பப் பிழையால் அந்தக் குறிப்புகள் சில மணித்தியாலம் நிறுவனம் முழுவதும் எல்லோருக்கும் தெரிந்தன. 2020 ஒக்டோபரில் 3 கோடியே 53 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இதைப் படித்தபோது எனது "குறிப்பு" நிரல்தான் நினைவுக்கு வந்தது. அவர்களும் ஆரம்பத்தில் நலம் விசாரிக்கத்தானே உட்கார்ந்தார்கள்.

பள்ளிவாசல் பட்டியல்களும் இதில் அடங்கும்

ஸகாத் விண்ணப்பங்கள், உலருணவுப் பட்டியல், விதவைகள் பட்டியல், அனர்த்த நிவாரணப் பட்டியல் எல்லாவற்றையும் எமது மஹல்லாக்களில் தன்னார்வத் தொண்டர்கள்தான் தயாரிக்கிறார்கள். வீட்டிலிருந்து, சொந்தப் போனில்தான் தயாரிக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைத் தாக்கிய பிறகு இப்படி எத்தனை பட்டியல்கள் கைமாறின என்பதை எல்லோரும் பார்த்தோம். அந்த இளைஞர்களின் உழைப்புக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். அவசரத்தில் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் அவசரம் முடிந்த பிறகும் அடையாள அட்டைப் படங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் பத்துப் பேரின் போனில் கிடக்க வேண்டியதில்லை.

வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கக் கற்றுத் தந்த மார்க்கம் எங்களுடையது. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டு நுழையச் சொல்வதும் அதே மார்க்கம்தான். ஒரு ஏழைக் குடும்பத்தின் விபரத்தை அனுமதியின்றிப் பரப்புவது, அந்த வீட்டுக்குள் ஸலாம் சொல்லாமல் நாற்பது பேரைக் கூட்டிப் போவதைப் போன்றது. நிர்வாகங்கள் ஒரு சிறிய ஒழுங்கைச் செய்யலாம். பட்டியலுக்கு ஒருவரைப் பொறுப்பாக வைக்கலாம். வெளியே பெயருக்குப் பதிலாக இலக்கம் பாவிக்கலாம். வேலை முடிந்து கணக்குப் பரிசோதனையும் முடிந்ததும், தொண்டர்களின் போன்களிலிருந்து அழிக்கும் ஒரு நாளைக் குறிக்கலாம்.

தவறு நடந்துவிட்டால்

நடக்கும். மனிதர்தானே. அப்போது மறைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் இப்போது எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாட்களுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. உடனே அழியுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அதிபருக்கோ மேலதிகாரிக்கோ எழுத்தில் அறிவியுங்கள். கணக்கு பறிபோனால் இலங்கை கணினி அவசர பதிலளிப்பு மன்றத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணம் சம்பந்தப்பட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது பொலிஸாருக்கு. உங்கள் பெயரில் பணம் கேட்டு செய்தி வரலாம் என்று தெரிந்தவர்களுக்கு வேறு வழியில் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பிள்ளை மூன்றாம் வாரம் வகுப்புக்கு வந்தாள். கெமராவைப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. அன்றிரவு பட்டியலைத் திறந்து கடைசி நிரலை முழுதாக நீக்கினேன். அதற்குப் பிறகு எந்த வகுப்புப் பட்டியலிலும் அந்த நிரலை நான் திறந்ததில்லை. பிள்ளைகளின் வீட்டு விடயங்கள் இப்போதும் என்னிடம் வருகின்றன. கேட்கிறேன், முடிந்ததைச் செய்கிறேன், எழுதி வைப்பதில்லை.